ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடியும்வரை ஓடாதே என்கிறார்கள். நிறுத்தியவர்கள் யாராவது திரும்ப ஓடினீர்களா?

கடைசிச்சுற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம் இரண்டாம் வருடம், கணிதப் பிரிவு. பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கிறது. நான் 1500 மீற்றர் ஓடுகிறவன். வீட்டிலும் பாடசாலையிலும் ரியூசனிலும் ஒரே கதைதான்: "இப்ப விடு, பிறகு ஓடலாம்." அந்தப் பிறகைக் கண்ட ஆட்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். ஆறு ஆறு பேராக நிறுத்தி 100 மீற்றர். விசில் ஊதியபோது நான் பக்கத்தில் நின்ற பெடியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது. அதோடு என்னை இல்ல அலங்காரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு வருடம் பச்சை இல்லத்துக்குக் கோதுமைமாப் பசை காய்ச்சினேன். கிறேப் தாளை எப்படி வெட்டினால் சுருள் கலையாமல் நிற்கும் என்பது இன்றைக்கும் கைக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பில் மரதன். குறித்த நேரத்துக்குள் முடிக்கிற ஒவ்வொருவருக்காகவும் இல்லத்துக்கு ஒரு புள்ளி என்பதால், நடக்கத் தெரிந்த எல்லோரையும் இல்லத் தலைவர் இறக்கினார். திரும்புகிற சந்திகளில் கையில் ஒரு றப்பர் பான்ட் மாட்டிவிடுவார்கள், குறுக்கு ஒழுங்கையால் வருகிறவர்களைப் பிடிப்பதற்கு. மூன்றாவது பான்ட் வாங்கும்போது எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான் தெரிந்தார்கள். 100, 200 இரண்டிலும் எப்போதும் முதலாவதாக வருகிற எங்கள் வகுப்புப் பெடியன் ஒரு மதகில் குந்தியிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். "நீ எப்பிடியடா இங்க?" என்று கேட்டான். பகிடிக்குக் கேட்கவில்லை, அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எனக்கும்தான். ஏழாவதாக வந்தேன்.

அதற்குப் பிறகுதான் பயிற்சி. போன வருடம் வலயப் போட்டியில் 4:38. மாகாணப் போட்டியில் 4:31, ஐந்தாவது. அதற்கு மேலே போகவில்லை.

இப்போது என் நாள் இப்படி: 4.45க்கு எழும்பி ஓட்டம், 6 மணிக்குப் பௌதிகவியல் வகுப்பு, பிறகு பாடசாலை, பின்னேரம் இன்னொரு வகுப்பு. தகரக் கூரை, நீள வாங்கு, முந்நூறு பேர். வியர்வை மணக்கும் என்று நான் வாங்கின் கரையில்தான் இருப்பேன். போன மாதம் வட்ட இயக்கம் படிப்பித்தார்கள். எங்கள் மைதானத்தில் 200 மீற்றர் சுற்றுத்தான் அடிக்கலாம். வளைவின் ஆரையை 18 மீற்றர் என்று எடுத்து என் வலய ஓட்ட வேகத்தைப் போட்டுப் பார்த்தேன். வளைவில் உடம்பு 9 பாகைக்குச் சற்று மேலே சாய வேண்டும். 400 மீற்றர் சுற்றில் அதில் பாதிதான். ஏழரைச் சுற்று, பதினைந்து வளைவு. என் இடது கணைக்கால் உட்பக்கமாக ஏன் நோகிறது என்று அன்றைக்குத்தான் ஓரளவு பிடிபட்டது. சேர் கரும்பலகையில் எழுதிய கணக்கை நான் கொப்பியில் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடந்த வாரம் ஓர் ஆசிரியர் வகுப்புக்கு முன்னால் கேட்டார்: "சோதனையைக் காலால எழுதப் போறியோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

எனக்கு விளங்காதது இதுதான். எங்கள் பாடசாலைகளில் ஓட்டக்காரர்களை 11, 12 வயதில் 100 மீற்றர் வைத்துத் தெரிகிறார்கள். அந்த வயதில் யார் முதலில் வளர்ந்தானோ அவன் வெல்வான். தூரம் ஓடுகிறவனுக்குச் சுவாசமும் காலும் சேர்ந்து வரவே 17, 18 ஆகிவிடுகிறது. சரியாக அந்த வயதில், "போதும், போய்ப் படி" என்கிறார்கள். அப்புறம், வடக்கிலே ஏன் தூர ஓட்டக்காரர் குறைவு என்று மேடையில் பேசுகிறார்கள்.

நான் ஒலிம்பிக் போகப்போவதாகச் சொல்லவில்லை. 4:20 ஓடிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

---

நெல்லியடியான் எழுதியது:

தம்பி, கோபிக்காதீர். உமது வயதில் எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா. இசட் புள்ளியை (பரீட்சைப் புள்ளிகளைச் சமப்படுத்திப் போடுகிற எண்) நான்கு தசமத்துக்குப் போட்டு வெட்டுகிற நாடு இது. நாலாம் தசமத்தில் ஒரு பிள்ளையின் பொறியியல் போய்விடும். ஓடிவிட்டு வந்து ஆறு மணி வகுப்பில் கொட்டாவி விட்டால் அந்தத் தசமம் எங்கே போகும்?

விளையாட்டுக்கென்று விசேட அனுமதி இருக்கிறதே என்று யாராவது வந்து சொல்வார்கள். இருக்கிறது. அதற்கும் முதலில் மூன்று பாடமும் சித்தியடைய வேண்டும், தேசிய மட்டத்திலோ அதற்கு மேலேயோ எதையாவது காட்ட வேண்டும். மாகாண ஐந்தாம் இடத்தை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். உம்மை நோகடிக்கச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

வகுப்புக்கு முன்னால் அப்படிக் கேட்டது பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

---

ஸ்கூட்டிக்குமுன்னால் எழுதியது:

நானும் ஏ.எல், உயிரியல். 3000 மீற்றர். தம்பியா அண்ணாவா தெரியவில்லை, ஒரே வருடம் என்றபடியால் பெயர் சொல்லாமலே விடுகிறேன்.

உங்களுக்கு 4.45க்குப் படலையைத் திறந்துகொண்டு வெளிக்கிட முடிகிறது. எனக்கு அது இல்லை. ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள்கள் பக்கத்தில் வந்து மெதுவாகும், என்ன சொல்வார்கள் என்று இங்கே எழுதத் தேவையில்லை. ஆறு மாதம் ஓட்டம் நின்றது. பிறகு அம்மா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வரத் தொடங்கினா. தலையில் துவாய், மடியில் தண்ணீர்ப் போத்தல், ஸ்கூட்டி வெளிச்சத்தில் என் நிழல் எனக்கு முன்னால் பனைமரம் அளவுக்கு ஓடும்.

நல்ல விசயம் என்னவென்றால் மணிக்கூடு தேவையில்லை. அம்மா ஸ்கூட்டியின் வேக முள்ளைப் பார்த்துச் சொல்லுவா: "பத்து. பத்து. பன்னிரண்டு, காணும், மெதுவா." 12 என்றால் ஒரு கிலோமீற்றர் 5 நிமிடம். ஆனால் 10க்குக் கீழே போனால் ஸ்கூட்டி ஆடும், அம்மா இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றுவா. ஆகவே நான் களைத்தால் அம்மா விழுந்துவிடுவா என்ற பயத்திலேயே ஓடுகிறேன்.

இன்னொன்று, பெண்பிள்ளைகள் யாராவது வாசித்தால். போன வருடம் இரண்டாம் சுற்றிலேயே கால் ஈயமாகிவிடும். "சோம்பல்" என்றார்கள், "படிப்புக் கவனம்" என்றார்கள். இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது என்றார் டொக்டர். இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். அதை நான் விடியத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாதாம். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் ஆளே வேறு.

---

கணைக்கால் எழுதியது:

இயன்மருத்துவத் துறையில் இருக்கிறேன். படிப்பா ஓட்டமா என்பதற்குள் நான் வரவில்லை, கால் பற்றி மட்டும்.

தம்பி, உமது பாகைக் கணக்கு வடிவாக இருக்கிறது. ஆனால் சாய்வு மட்டும் காரணமில்லை. இறுக்கமான வளைவில் எப்போதும் இடதுபக்கமே திரும்பி ஓடுகிறீர், இடது கால் எப்போதும் உட்கால். மெதுவான ஓட்டங்களை எதிர்ப்பக்கமாக ஓடும். சூடுபடுத்தும் சுற்றுகளையும் அப்படியே. மைதானத்தில் வேறு ஆட்கள் ஓடினால் வெளிக்கரையால் போம்.

நோவு எலும்பின் நீளத்துக்குப் பரவலாக இருக்கிறதா, அல்லது விரல் நுனியால் அழுத்தினால் ஒரே ஓரிடத்தில் சுள்ளென்கிறதா? முதலாவது என்றால் தூரத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசையைப் பலப்படுத்தினால் அநேகமாக அடங்கும். இரண்டாவது என்றால், இரவில் படுத்திருக்கும்போதும் நோகிறது என்றால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போம். எலும்பில் மயிரிழை வெடிப்பு ஆரம்பத்தில் எக்ஸ்றேயில் தெரியாமல் போகலாம். "படத்தில் ஒன்றுமில்லை" என்றதும் திரும்ப ஓடாதீர்.

நித்திரை எத்தனை மணித்தியாலம்? அதை நீர் எழுதவே இல்லை.

---

கடைசிச்சுற்று எழுதியது:

பரவலாகத்தான் நோகிறது. நித்திரை ஐந்தரை. எழுதாமல் விட்டதற்குக் காரணம் அதுதான்.

---

பழைய1500 எழுதியது (ரொறன்ரோவிலிருந்து):

தம்பி கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லக்கூடிய ஆள் நான். ஏ.எல்லுக்காக 1995இல் நிறுத்தினேன். திரும்ப ஓடியது 2017இல், 41 வயதில், சீனி இருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகு.

எங்கள் காலத்தில் யுத்தகாலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. ஊரே சைக்கிளில் போனது. இப்போதைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள், கே.கே.எஸ் வீதியின் நட்டநடுவால் ஓடலாம். எப்போதாவது மண்ணெண்ணெயில் ஒரு மோட்டார்சைக்கிள் புகைத்துக்கொண்டு வரும், அது வருவது அரை மைலுக்கு முன்பே காதுக்குத் தெரியும். பற்றறியும் தடை. ஆகவே எங்கள் சேரிடம் சாவி கொடுக்கிற பழைய ஸ்ரொப்வோச் ஒன்றுதான் இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு அதைக் காதில் வைத்துப் பார்த்துத்தான் விசிலை வாயில் வைப்பார். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு, விடியப் பார்த்தால் மூக்குக்குள் கரி. அந்தக் கரியோடு ஓடினோம். என் நேரம் 4:29. அந்த மணிக்கூடு சரியாக ஓடியதா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நிறுத்தினேன். படித்தேன். ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் எல்லோரோடும் சேர்ந்து நடந்தேன். ஸ்பைக் சப்பாத்து வீட்டு அலுமாரிக்குக் கீழே இருந்தது. அதை எடுக்கலாம் என்று யோசித்ததும், வெட்கப்பட்டுக்கொண்டு அரிசிப் பையைத் தூக்கியதும் இன்றைக்கும் ஞாபகம்.

உமக்கு அப்படி ஒன்றும் வராது. நான் சொல்வது வேறு. 22 வருடத்துக்குப் பிறகு முதல்நாள் ஓடியபோது 400 மீற்றரில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனம் 4:29இலேயே நின்றுவிட்டது, உடம்பு அதை மறந்துபோய்விட்டது. ஒரு வருடம் அந்த இரண்டுக்கும் நடுவில் சண்டை. கிழமைக்கு இரண்டே இரண்டு நாள் ஓடிக்கொண்டிருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நெல்லியடியான் அண்ணை சொல்கிற கணக்கும் பிழையில்லை. முழுக்க விடு, அல்லது முழுக்க ஓடு என்று இரண்டே வழி இருப்பதுபோலக் கதைப்பதுதான் பிழை.

---

ஒழுங்கை_வீரன் எழுதியது:

எல்லாம் சரி, 4.45க்கு நாய்களுக்கு என்ன செய்கிறீர்கள்? எங்கள் ஒழுங்கையில் ஐந்து நிற்கின்றன.

---

ஸ்கூட்டிக்குமுன்னால் எழுதியது:

ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். குனிந்து கல்லெடுப்பதுபோலக் காட்டினால் போதும், கல் இல்லாவிட்டாலும். அம்மா ஹோர்ன் அடிப்பா, அதில் நாயைவிட அயலவர்கள்தான் எழும்புவார்கள்.

---

புள்ளிவிபரம் எழுதியது:

தொடக்கப் பதிவில் ஒரு விடயம் சறுக்குகிறது. தூர ஓட்டக்காரர் பிந்தித்தான் வருவார்கள் என்பதை அப்படியே ஏற்க முடியாது. எலியுட் கிப்சோகே 2003 பாரிஸ் உலக சாம்பியன் போட்டியில் 5000 மீற்றரை வென்றபோது வயது 18. இங்கே, தருஷி கருணாரத்ன 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரில் 2:03.20 ஓடித் தங்கம் எடுத்தபோதும் 18. திறமை உள்ளவர்கள் அந்த வயதிலேயே தெரிந்துவிடுவார்கள்.

---

கடைசிச்சுற்று எழுதியது:

அதே கிப்சோகே 2022இல் பேர்ளின் மரதனில் 2:01:09 ஓடியபோது வயது 37. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

---

பழைய1500 எழுதியது:

இரண்டு பேரும் ஒரே ஆளின் கதையைத்தான் இரண்டு பக்கத்தால் பிடித்து இழுக்கிறீர்கள். 18இலும் ஓடினார், 37இலும் ஓடினார். நடுவில் யாரும் அவரை அலங்காரத்துக்கு அனுப்பவில்லை.

---

முற்றவெளி எழுதியது:

நம்முடைய ஆளை ஒருவரும் சொல்லவில்லையே. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஓட்டம் இல்லை, உயரம் பாய்தல். யாழ் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் என்று இரண்டு ஒலிம்பிக். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம். பிறகு அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். பாய்ந்தவர் படிக்கவில்லையா?

---

நெல்லியடியான் எழுதியது:

முற்றவெளி, இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எதிர்வீரசிங்கத்தைக் காட்டி ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வழி சொல்லக்கூடாது. அவர் பாய்ந்த காலத்தில் ஆறு மணி வகுப்பும் இல்லை, இசட் புள்ளியும் இல்லை.

ஆனால் பழைய1500 எழுதியதை இரவு மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். மகன் கிரிக்கெட் விளையாடுகிறவன். போன தை மாதம் மட்டையை நான்தான் வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதிலிருந்து அவன் கூடப் படிக்கிறான் என்று சொல்ல முடியாது. போனோடு இருக்கிறான். அந்த இரண்டு மணித்தியாலம் நேரே புத்தகத்துக்குப் போகும் என்று நான் போட்ட கணக்குத்தான் பிழைத்துவிட்டது.

---

தூசுமைதானம் எழுதியது:

உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்தத் தம்பியைப் போல அலங்காரத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேரை நானே அனுப்பினேன் என்று யோசித்துக்கொண்டு வாசித்தேன். முழுப் பாடசாலைக்கும் ஒரே ஆள், ஒரு விசில், இரண்டு கிழமை. நூறு மீற்றர் கெதியாக முடிந்துவிடும், அதனால்தான் அதை வைத்துத் தெரிந்தோம். வேறு விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

சரி, ஏழு மாதத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கிழமைக்கு நான்கு நாள் ஓடும். மூன்று நாள் மெதுவாக, பக்கத்தில் ஒரு ஆள் வந்தால் மூச்சு முட்டாமல் கதைக்கக்கூடிய வேகத்தில். ஒரு நாள் மட்டும் வேகம்: 400 மீற்றர் ஐந்து அல்லது ஆறு, நடுவில் இரண்டு நிமிடம் ஆறுதல். மற்ற நாட்களில் அந்த நேரத்தைப் படுக்கையில் போடும், புத்தகத்தில் இல்லை. ஐந்தரை மணித்தியால நித்திரையில் ஓடவும் முடியாது, தொகையிடலும் ஏறாது. அடித்தளம் இருந்தால் பரீட்சை முடிந்து மூன்று நான்கு மாதத்தில் வேகத்தை எழுப்பலாம்.

கேட்க ஒன்று: அந்த 4:38இல் முதல் 200 எத்தனை?

---

கடைசிச்சுற்று எழுதியது:

32, சேர்.

---

தூசுமைதானம் எழுதியது:

நினைத்தேன். 4:38 என்றால் 200க்குச் சராசரி 37. முதல் சுற்றில் ஐந்து செக்கனை மிச்சம் பிடித்ததாக நினைத்திருப்பீர், அதைக் கடைசி மூன்று சுற்றில் வட்டியோடு கட்டியிருப்பீர். 36க்கும் 37க்கும் நடுவில் தொடங்கும். எல்லோரும் உம்மை விட்டுவிட்டுப் போவார்கள், போகட்டும். கால் பலத்தைக் கூட்டாமலே சில செக்கன் அங்கே கிடக்கிறது.

---

வேலணைக்காற்று எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்துக்குப் பண்ணைப் பாலத்துக்கு வாரும். வளைவே இல்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கிவிட்டது, ஆகவே கோட்டைப் பக்கமிருந்து தீவுப் பக்கமாகப் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். மறுபக்கமாகத் தொடங்கினால் களைத்த பிறகு காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும், நான் ஒருமுறை அப்படிச் செய்து பஸ்ஸில் ஏறி வந்தேன். கண்ணுக்குள் உப்புப் படும், தொப்பி போட்டால் கடலுக்குள்தான். ஏழு மணிக்குள் முடித்துவிடும்.

---

கடைசிச்சுற்று எழுதியது (மூன்று கிழமைக்குப் பிறகு):

பதில் எழுதப் பிந்திவிட்டது. தவணைச் சோதனை.

தூசுமைதானம் சேரின் பதிவை அப்பாவுக்குக் காட்டினேன். "அந்த நேரத்தைப் படுக்கையில் போடும்" என்ற வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, யார் இந்த ஆள் என்று கேட்டார். நான்கு நாளுக்கு ஒத்துக்கொண்டார். பௌதிகவியல் புள்ளி 60க்குக் கீழே போனால் இரண்டு நாள் என்பது ஒப்பந்தம். இந்த முறை 63. இரசாயனவியலைப் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை, நானும் கிளறவில்லை.

எதிர்ப்பக்கமாக ஓடுகிறேன். முதல்நாள் வளைவில் என் கால் எனக்கே புதிதாக இருந்தது, வலது கையால் எழுதுகிறவன் இடது கையால் எழுதுகிற மாதிரி. இரண்டு சின்னப் பெடியள் எனக்குப் பின்னால் ஓடிவந்து "அண்ணா, பிழையான பக்கம் ஓடுறீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நோவு குறைந்திருக்கிறது, போகவில்லை.

போன சனிக்கிழமை மைதானத்தில் 1500 தனியாக ஓடிப் பார்த்தேன். மதகில் வாந்தி எடுத்த நண்பன்தான் போனில் நேரம் பிடித்தான். முதல் 200 சரியாக 37. அவ்வளவு மெதுவாகத் தொடங்குவது எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஐந்தாவது சுற்றில் கால் இன்னும் இருந்தது. ஏழாவது சுற்றுக்கு அவன் தண்டவாளத் துண்டில் கல்லால் அடித்தான், பாடசாலை மணி அது, காவலாளி ஓடிவந்துவிட்டார். 4:29. பழைய1500 அண்ணை, உங்கள் நேரம்தான், ஆனால் போன் மணிக்கூடு.

வகுப்பில் கேள்வி கேட்ட ஆசிரியர் இன்னும் கேட்கிறார். வாங்கின் கரையில் இப்போதும் நான்தான்.

ஞாயிறு பண்ணைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சப்பாத்தைக் கழுவிக் கிணற்றடியில் போட்டேன், இன்னும் ஈரம். நாளை விடிய மட்டும் கோயில் வெளிவீதி மணலில் வெறுங்காலோடு.

---

பழைய1500 எழுதியது:

4:29ஆ? அந்தச் சாவி மணிக்கூடு பிந்தி ஓடியது என்று இன்றைக்கு முடிவெடுத்துவிட்டேன். என்னுடையது 4:35 ஆகவே இருக்கட்டும்.

---

ஸ்கூட்டிக்குமுன்னால் எழுதியது:

வெளிவீதியில் தெற்குப் பக்கம் நெருஞ்சி கிடக்கும். பார்த்து ஓடுங்கள். ஞாயிறு பண்ணைக்கு நாங்களும் வருகிறோம், அம்மா பெற்றோல் அடித்துவிட்டா.